எஸ்தர் ஆண்டவரோடு பேசாமலிருந்த மூன்று நாள்

காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் எஸ்தரைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். ஐயாயிரம் இழையாவது இருக்கும். எஸ்தர் இழைக்கு ஒரு பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டே முறுக்குவாள். தெருவிலுள்ள சைவக் குடும்பங்கள் அத்தனையும் அதில் அடக்கம், அவர்கள் வீட்டுப் பசுமாடு உட்பட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர், நடப்பதெல்லாம் உலகம் உண்டாகும் முன்னே தேவன் முன்குறித்தது என்று பிரசங்கித்தார். எஸ்தருக்குச் சுருக்கென்றது. எல்லாம் அப்போதே முடிவாகிவிட்டதென்றால் முப்பது வருஷமாகத் தொண்டை வறளக் கேட்டது எதற்கு? பந்தியில் இலை போட்டுப் பரிமாறிய பிறகு சமையல்காரரிடம் போய் என்ன சமைக்கலாம் என்று யோசனை சொன்னவள் மாதிரி வெட்கமாகிவிட்டது. கோபித்துக்கொண்டு ஜெபத்தையே நிறுத்திவிட்டாள்.

புதன்கிழமை தோழி மஹாலட்சுமியின் வீட்டுத் தறியில் வேலை. மஹாலட்சுமிக்கு மார்பில் கட்டி. சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ரிப்போர்ட்.

"எனக்கோசரம் வேண்டிக்கினியா எஸ்தரு?"

"ரிப்போர்ட்டு காலையிலயே அடிச்சிருப்பாங்க. இனிமே வேண்டிக்கினா இன்னா மாறப் போவுது?"

சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. மஹாலட்சுமி குனிந்து பாவு இழைகளைப் பார்த்தாள்.

"இன்னாமா இது, கரையோட செவப்பு இழை பச்சையோட சேர்ந்துக்கினு இருக்குது."

பெயர் சொல்லாத விரல் எங்கோ ஓர் இழையைத் தாண்டிவிட்டிருந்தது. அதற்கப்புறம் முறுக்கியது எல்லாமே ஒன்று தள்ளி. முப்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. இருவரும் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார்கள். மஹாலட்சுமி ஒரு முறுக்கைப் பிரித்தபடியே சொன்னாள்.

"மாறணும்னு கேக்கலமா. அதுல இன்னா இருக்குதோ இருக்கட்டும். நாலு மணி வரிக்கும் இத்த ஒண்டியா மனசுல வெச்சிக்கினு இருக்க முடியல."

எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மூன்று நாளும் அவளும் ஒண்டியாகத்தான் இருந்தாள். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. சாம்பலைத் தொட்டு ஓர் இழையை முறுக்கி, "மஹாலட்சுமி" என்றாள். அடுத்த இழைக்கும் அதே பெயர். அதற்கடுத்ததற்கும். நூறு இழை போனபின் மேலே பார்த்துக் கேட்டாள்: "ஏன் ஆண்டவரே, இந்த மூணு நாள் சண்டையையும் அப்பவே குறிச்சி வெச்சிருந்தீரா?"

மஹாலட்சுமி காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

நாலரைக்கு அவள் மகன் தினகரன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். வெறும் கொழுப்புக் கட்டியாம்.

"உங்க ஆண்டவரு கேட்டுட்டாரு பாத்தியா," என்றாள் மஹாலட்சுமி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"அது காலையிலயே அடிச்ச ரிப்போர்ட்டுமா."

"அப்ப இன்னாத்துக்கு அத்தினி தபா என் பேரைச் சொன்ன?"

எஸ்தர் அடுத்த இழையைக் கையில் எடுத்தாள்.

"நீதான ஒண்டியா இருக்க முடியலன்ன. எனக்கும் முடியல."