சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினேன்

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால் தறிகள் நின்றுவிடும். அப்பா அதை அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். அது தெரிந்ததால்தான், ஜாம்பியாவில் ஆசிரியராக இருக்கும் என் கணவரிடம் வந்து சேர்ந்த நாள்முதல் 'சந்தோஷமாக இருக்கிறேன்' என்றே எழுதினேன். உண்மையில், அவர் பள்ளிக்குப் போனபின் எனக்குப் பேச ஆளில்லை. அப்பளம் சுற்றிவந்த தமிழ்ப் பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன், என் குரலாவது காதில் விழட்டும் என்று.

அந்தக் கடிதங்களை நம்பி, அப்பா என் தங்கை கமலாவையும் இந்த நாட்டிலேயே வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அவள் இருக்கும் ஊர் இங்கிருந்து ஒரு பகல் பயணம். நான்கு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தாள்.

"நீ நல்லா இருக்கேன்னு எழுதினியேக்கா. எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்குதுன்னு தெனமும் அழுதுக்கினு இருந்தேன்" என்றாள்.

வீடு திரும்பியதும் அப்பாவுக்கு உள்ளதையெல்லாம் எழுதினேன். பதில் கடைசித் தங்கை சாந்தியிடமிருந்து வந்தது: "அப்பா உன் லெட்டரைப் படிச்சாரு. நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கறதைக் கேட்டு எனக்கும் அங்கயே வரணும்னு ஆசையா இருக்குதுக்கா."

நான் எழுதாத வரிகளை அப்பா படித்திருக்கிறார். நான் தொடங்கிவைத்த பொய்தானே, அவரைக் குறை சொல்ல எனக்கு ஏது வாய்?

இப்போதெல்லாம் சாந்தியின் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுகிறேன். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: இதை நீயே படி.