ரேடியேட்டருக்குள்ள ஒரு ஏரி

மீன்கூடை ஏத்துற காரு ஓட்டறவங்களுக்கு ரோட்டைப் பாக்க ஒரு கண்ணு போதும், இன்னொரு கண்ணு சூடு காட்டுற முள்ளுமேலயே இருக்கணும். பழைய வண்டி வெச்சிருக்கிற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். புது வண்டிக்காரங்க சிரிச்சிட்டுப் போங்க, உங்க வண்டியும் ஒரு நாள் பழசாகும்.

காட்டூர் ஆவி

பழவேற்காட்டுக் குப்பத்துலேர்ந்து மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு நாலு பொம்பளைங்களையும் அவங்க மீனையும் கொண்டுபோய் இறக்கி, திரும்பக் கூட்டியாறதுதான் என் பொழப்பு. பின் சீட்டுல மூணு பேரு, முன்னால தேசம்மா அக்கா, டிக்கி நிறைய இறாலும் நண்டும். விடியக்காலைல ஏரிமேல பனி கெடக்கும். எங்க ஏரி முடியுது, எங்க வானம் தொடங்குதுன்னே தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளாற ஓட்டிட்டுப் போறப்ப நான் ஓட்டுறனா மிதக்குறனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும்.

காட்டூர் வயல் வந்ததும் சந்தேகம் தீர்ந்துடும். முள்ளு சிவப்புல போய் ஒட்டிக்கும், பானெட்லேர்ந்து ஆவி கிளம்பும். போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. நெல்லு மேல அந்த ஆவி மெதுவா நகர்ந்து போறதை நான் வாயைத் தொறந்து வேடிக்கை பாத்துட்டு நிப்பேன், அவ்வளவு அழகா இருக்கும். டிக்கியில ஐஸ் கரையறவங்களுக்கு அழகு எப்படித் தெரியும்? போன வாரம் அவங்க நாலு பேரும் முடிவா சொல்லிட்டாங்க: ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வண்டி நிக்காம போகணும், இல்லன்னா லோடு ஆட்டோவுக்கு மாறிடுவாங்க. தேசம்மா அக்கா சொன்னது இதுதான்: "மீனை வேக வெக்க எங்க வூட்டுல அடுப்பு இருக்குதுடி, உன் காரு எதுக்கு?"

மணல் வாருதல்

என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுகத்துல காண்ட்ராக்ட் வேலை. "காயலான் கடைக்குப் போட்டுட்டு வா, அங்க கேன்டீன்ல ஆளு எடுக்குறாங்க"ன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காரு. நல்ல மனுஷன், கெட்டதுக்குச் சொல்லல. ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கறப்ப மட்டும்தான் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அதை வுட்டுட்டு இட்லி தட்டு கழுவணுமா? மெக்கானிக்கு ஒரு வாரம் வண்டியை வுட்டுட்டுப் போகச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வாரம் இல்ல. சரிதான் போன்னு நானே ஸ்பானரை எடுத்துட்டேன்.

சவுக்கு நிழல்ல வண்டியை நிறுத்தி, இஞ்சின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டரோட அடி டேப்பைத் தொறந்தேன். டீ டிகாஷன் கலர்ல தண்ணி வந்துச்சு. அப்புறம் சேறு. ரேடியேட்டரைக் கழட்டி, கீழ்வாய்ல ஹோஸ் பைப்பை வெச்சு எதிர்ப்பக்கமா தண்ணி பாய்ச்சினேன். அந்த சலசலப்பைக் கேட்டுக்கிட்டே, எதுத்தாப்புல பசியாவரம் தீவு தண்ணிமேல மிதக்கற மாதிரி தெரியறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கண்ணு சொக்கிடுச்சு. முழிச்சுப் பாத்தா கால்கிட்ட பொடி மணலு, கூடவே அரிசி அளவுல சிப்பிங்க. வலை பின்னிட்டிருந்த எங்க நைனா எழுந்து வந்தாரு. கடலும் ஏரியும் சேர்ற முகத்துவாரம் மணல் அடைச்சுக்கறப்பலாம் வாரப் போற ஆளு அவரு. ரெண்டு சிப்பியை உள்ளங்கையில வெச்சு உத்துப் பாத்துட்டு சொன்னாரு: "இன்னாம்மா இது, காருக்குள்ளயும் முகத்துவாரம் அடைச்சுக்கிச்சா?"

நல்ல தண்ணி

சிப்பி எப்படி உள்ள போச்சு? ஊத்தறது கிணத்துத் தண்ணிதான, அதுல சிப்பி ஏது? ஒண்ணும் புரியல. வண்டியில வர்ற எல்லாருக்கும் நான் படிச்சுப் படிச்சுச் சொல்லி வெச்சிருந்தேன், ரேடியேட்டருக்கு நல்ல தண்ணி மட்டும்தான், உப்புத் தண்ணி ஆகவே ஆகாதுன்னு. தேசம்மா அக்கா அதைத் தலைமேல போட்டுக்கிட்டு, தெனம் நான் டிக்கியில கூடை அடுக்கறப்ப ஒரு கேன் தண்ணி மொண்டாந்து ஊத்துவாங்க. பாவம், ஒரு நாள் தவறினதில்ல.

நேரா அவங்க வீட்டுக்கே போய்க் கேட்டேன். நண்டுக்குக் கால் கட்டிட்டிருந்தவங்க நிமிர்ந்து, நான் எதோ பைத்தியக்காரக் கேள்வி கேட்ட மாதிரி பாத்தாங்க. மழை பேஞ்சு ஆத்துத் தண்ணி வந்து உழுந்தா எங்க ஏரி உப்பு கொறைஞ்சு போவும், அந்த மாசங்களுக்கு எங்க ஊர்ல 'நல்ல தண்ணி' காலம்னுதான் பேரு. எனக்குக் கோவம் வரணும், சிரிப்புதான் வந்துச்சு. அவங்க சொன்னாங்க: "நீதானடி நல்ல தண்ணின்ன? மழைக்கு அப்புறம் ஏரி நல்ல தண்ணிதான?"

வாய் தொறக்காதது

அடுத்தது தெர்மோஸ்டாட். இஞ்சின் சூடானா வாயைத் தொறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு அனுப்பணும், அதுதான் அதுக்கு வேலை. கழட்டிக் கொண்டாந்து, அடுப்புல சட்டி வெச்சு வெந்நீர்ல போட்டேன். தண்ணி தளதளன்னு கொதிக்குது, இது கம்முனு கெடக்குது. ஆவி முகத்துல அடிக்க, தொற ராசா தொறன்னு கெஞ்சிட்டு நின்னேன். வேலை முடிச்சு வந்த வீட்டுக்காரர், கொழம்புன்னு நெனச்சு கரண்டியோட எட்டிப் பாத்தாரு.

மட்டிச் சிப்பி வேக வெக்கறது எங்க ஊர்ல தெனப்படிக் காரியம். கொதிச்சா ஓடு தொறக்கும், தொறக்காததைத் திங்க மாட்டோம். அவரு தெர்மோஸ்டாட்டைக் கரண்டியால புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. காயலான் கடைப் பேச்சை எடுப்பாருன்னு காத்திருந்தேன். எடுக்கல. சட்டையைத் திரும்ப மாட்டிக்கிட்டு, புதுசு வாங்கியாறேன்னு வண்டிச் சாவியைக் கேட்டாரு. அந்த நேரம் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. வாசல்ல நின்னு சொன்னாரு: "செத்த மட்டி அது, தூக்கிப் போடு. சாவி எதுக்குக் கேட்டேன், வண்டிதான் பிரிச்சுக் கெடக்குதே!"

பச்சைத் தண்ணி

புது தெர்மோஸ்டாட், புது ஹோஸ், புது மூடி, பெல்ட்டு எல்லாம் மாட்டியாச்சு. பச்சைக் கலர் கூலன்ட் கேனை நைனா கையில குடுத்து, "பச்சைத் தண்ணியை ஊத்தி வை நைனா"ன்னுட்டு கை கழுவப் போனேன். திரும்பி வந்தா வீட்டுத் தண்ணிப் பானை காலி, கேன் அப்படியே கூரைமேல ஒசரத்துல இருக்குது. பூச்சி மருந்துன்னு நெனச்சு பத்திரமா எடுத்து வெச்சாராம். மறுபடி டேப்பைத் தொறந்து எல்லாத்தையும் வடிய வுட்டேன். நைனா ரோஷமா சொன்னாரு: "பச்சைத் தண்ணிதான கேட்ட? நான் இன்னா வெந்நீரா ஊத்தினேன்?"

ஞாயித்துக்கிழமை

அன்னிக்கும் பனி. கூடைங்களை ஏத்திட்டுக் கிளம்பினோம். தேசம்மா அக்கா மடியில தண்ணிக் கேன், நம்பிக்கை அவ்வளவுதான். ஏரி ஓரமா பூநாரைங்க ஒத்தக்கால்ல தூங்கிட்டிருந்துச்சு. முள்ளு ஏறிச்சு. ஏறி, நடுவுல வந்து, அங்கயே நின்னுடுச்சு. காட்டூர் வயலு ஜன்னலோரமா வழுக்கிட்டுப் போச்சு. யாரோ நாலு பேரு கனாவுல நானும் ஓடிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு. மீஞ்சூர்ல எறங்கறப்ப ஐஸு கல்லு மாதிரி இருந்துச்சு. "இனிமே உன் வண்டிதான்"னு நாலு பேரும் சொன்னப்ப அங்க சந்தைக்கு நடுவுலயே அழுதுட்டேன், வெக்கம் இன்னா இருக்குது.

வெயில் ஏறினப்புறம் காலிக் கூடைங்களோட திரும்பினோம். காட்டூர் வயலைப் பெருமையா தாண்டிட்டிருந்தேன். பின்னால மூணு பேரும் உச்சுக் கொட்டினாங்க. தேசம்மா அக்கா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்திட்டு முள்ளைக் காட்டினேன், நடுவுலதான் இருக்குது. அவங்க முள்ளைப் பாக்கல. எறங்கி வரப்புல காலை நீட்டி உக்காந்து, புடவையை முழங்காலுக்கு இழுத்துக்கிட்டு, காத்து வந்த பக்கமா கண்ணை மூடிக்கிட்டாங்க. மத்த மூணு பேரும் போய்ப் பக்கத்துல உக்காந்தாங்க. கண்ணைத் தொறக்காமலே அவங்க சொன்னாங்க: "வண்டி நின்னாத்தான நாங்க உக்காருவோம்? வூட்டுக்குப் போயிட்டா எவன்டி எங்களை உக்கார வுடுவான்?"

ரேடியேட்டரை சரி பண்ணி முடிச்சாச்சுங்க, ஆனா வர்றப்ப வண்டி தெனம் காட்டூர்ல நிக்கத்தான் செய்யுது, இப்ப அதை நிறுத்துறவ நான்.