பலகையில் குத்திய பட்டியல்

சீதேவிப்பிள்ளை பிழை விடாதவர். அதைத் தானே நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ளவும் செய்வார். ஆரையம்பதிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் நூலகத்தில் பதினெட்டு வருடம். மார்கழி வந்தால் அலுமாரி அலுமாரியாகப் புத்தகங்களைச் சரிபார்ப்பார். இரவல் வாங்கித் திருப்பித் தராத பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் முத்துப்போல எழுதி, அறிவித்தல் பலகையில் குத்திவிடுவார். வெட்கத்திலாவது கொண்டுவந்து தருவார்கள் என்பது அவருடைய கணக்கு.

தொண்ணூற்றொன்றிலும் குத்தினார். பதினொரு பேர். அந்தக் காலத்தில் புத்தகத்தோடு காணாமல் போன பிள்ளை எங்கே போயிருக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்த மனுசிக்குப் புத்தகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் கையெழுத்தால் ஊரைக் கெடுத்தார். இராணுவ முகாமிலிருந்து வந்தவர்கள் பட்டியலைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் வாவியில் மீன்பிடிக்கும் இராசதுரையைக் கொண்டுபோனார்கள். அவருடைய மகள் வசந்தமலர் துப்பாக்கி தூக்கிய இயக்கத்துக்குப் போய் ஐந்து மாதம். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு விலகி விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாள் என்று தாய் கண்ணகை முன்பே முகாமில் சொல்ல, பள்ளிக்கூட அதிபரும் அதற்கு ஓம் சொல்லியிருந்தார். ஆனால் நூலகத்தில் புத்தகம் பாக்கி இருந்தால் யாருக்கும் விடுகைப் பத்திரம் கிடையாது. அந்தச் சட்டம் முகாமில் தமிழ் தெரிந்த அதிகாரிக்கும் தெரிந்திருந்தது; பட்டியலில் பெயரைக் கண்டதும் தாய் சொன்னது பொய் என்று பிடித்துவிட்டார்.

"டீச்சர், நீங்க எழுதின பேரால என்ட மனிசன அடிக்கிறாங்க," என்று கண்ணகை நூலக வாசலில் குந்தி அழுதாள்.

சீதேவிப்பிள்ளை முகாமுக்குப் போனார். "புள்ள தாவரவியல் புத்தகத்தத் தந்திட்டா. பேர வெட்ட மறந்தது என்ட பிழை."

"ரெண்டு நாள் தாறன். நாளண்டைக்கு வாறன். புத்தகத்தக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

இல்லாத புத்தகத்தை எங்கே காட்டுவது? காத்தான்குடிப் பள்ளிக்கூடத்து நூலகர் சித்தி நபீஸாவிடம் அதே புத்தகம் இருந்தது. இருவரும் ஒரே பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள். போன வருடம் காத்தான்குடிப் பள்ளிவாசலில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் இடையில் போக்குவரத்து இல்லை. மறுநாள், இரண்டு ஊராரும் அலுவலுக்கு வந்துபோகும் பட்டணத்துக் கல்விக் கந்தோரில் நபீஸாவைக் கண்டு விஷயத்தைச் சொன்னார்.

"என்ட தம்பியச் சுட்டவங்களோட போன புள்ளைக்கா கேக்கீங்க?" என்றாள் நபீஸா. கேள்வி நியாயமானதுதான். சீதேவிப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்.

ஆனால் பின்னேரம் கந்தோர்ப் பியோன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தாவரவியல். ஒரு துண்டில், "தகப்பனுக்காக" என்று மட்டும் எழுதியிருந்தது.

காத்தான்குடி முத்திரை இருந்த தாளைக் கிழித்தார். ஒரு புத்தகத்தின் தாளைத் தன் கையால் கிழித்தது அன்றுதான் முதல் தடவை. தன் பள்ளிக்கூட முத்திரையைக் குத்தி, பதிவிலக்கத்தை எழுதி அலுமாரியில் வைத்தார். முத்துப்போன்ற எழுத்து அன்று கோணிற்று.

அதிகாரி வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "சரி. இராசதுரைய விடுறம்." சீதேவிப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. அதிகாரி சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து ஒரு பெயரை மட்டும் வெட்டினார்.

"ஒண்டுதான் பிழை. அப்ப மற்றப் பத்தும் சரி."

"இல்ல சேர், எல்லாம் பிழை. எனக்கு வயசு போயிற்று, மறதி—"

"அப்ப நாளைக்கு வாறன். பத்துப் புத்தகத்தையும் எடுத்து வைங்க."

பத்தில் எட்டுப் பேர் வெறும் சோம்பேறிகள். நாளைக்கே புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். மற்ற இருவரும் வசந்தமலர் போன வழியில் போனவர்கள். இனிக் கேட்க ஒரு நபீஸாவும் இல்லை. நூலகத்தைப் பூட்டாமலே இறங்கி நடந்தார். அந்த இருவரில் முதல் பிள்ளையின் வீட்டில் தாய் இலட்சுமிப்பிள்ளை நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமானக் கட்டுங்க புள்ள. இப்பவே தோணி பிடிச்சு வாவிக்கு அங்கால பழுகாமம் போயிருங்க. நாளைக்கு உங்கட வீட்டுக்கு வருவாங்க."

இலட்சுமிப்பிள்ளையின் கையிலிருந்த சுளகு சரிந்தது. "என்ட மகன்ட பேர ஆரு டீச்சர் குடுத்த?"

"நான்தான்," என்றார் சீதேவிப்பிள்ளை.