நாடுகளுக்குப் புள்ளி போட்ட அஜந்தா

மண்டூரில் அஜந்தாவுக்குப் பயப்படாத மேசனும் இல்லை, தச்சனும் இல்லை. “நாளைக்கு வாறன்” என்று அவளிடம் வாயைக் கொடுத்தவன் மறுநாள் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் சைபர் போடுவாள். அது பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

அவளுடைய உத்தியோகமே அதுதான். ஏழை நாட்டுச் சரக்குக்கு வரியை நீக்குகிறோம், கடனைக் குறைக்கிறோம் என்று பணக்கார நாடுகள் மாநாடுகளில் வாக்குக் கொடுக்கும். அதில் எவ்வளவு நடந்தது என்று பார்த்துப் புள்ளி போடும் ஆய்வாளர் குழுவொன்றில் பொருளியல் படித்த அஜந்தாவும் ஒருத்தி. வீட்டு அறையில் மடிக்கணினியோடு வேலை. செய்திருந்தால் பத்து, அரைகுறை என்றால் ஐந்து, பேச்சோடு நின்றால் சைபர்.

ஒருநாள் இணையக் கூட்டத்தில் இழுபறி. கடனைக் குறைப்பதாகச் சொன்ன ஒரு நாடு, தவணையை மட்டும் நீட்டியிருந்தது. போனால் போகிறது, ஐந்து கொடுப்போம் என்றார்கள் மற்றவர்கள். தவணை நீண்டால் வட்டிதான் ஏறும், கடன் குறையாது என்று வாதாடிச் சைபர் போட வைத்தாள் அஜந்தா. தேத்தண்ணி குடிக்க வந்து இந்த வெற்றியை அம்மா இராசாத்தியிடம் அளந்தாள். அம்மா அரிசி புடைத்த சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அப்ப ரதீஸுக்கு எத்தின போட்டிருக்காய் புள்ள?”

ரதீஸ் வவுணதீவுக் கமக்காரன், தாய்மாமன் மகன், அவளைக் கட்டுவதாக வாக்குக் கொடுத்தவன். கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவனோ போகத்துக்குப் போகம், “வேளாண்மை வெட்டு முடியட்டும், மறுகா பாப்பம்” என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனை நம்பி, கேட்டு வந்த இரண்டு இடங்களை அஜந்தா திருப்பி அனுப்பியிருந்தாள். எந்த நாட்டுக்கும் காட்டாத தாராளம். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

அப்போதே ரதீஸுக்குப் போனில் கோல் எடுத்தாள்.

“மச்சான், கலியாணம் எப்பவெண்டு கேக்கல்ல. வெள்ளிக்குள்ள உங்கட சாமான் ஒண்டாவது எங்கட வீட்டுக்கு வரோணும். வராட்டி நான் வேற ஆளைக் கட்டுவன்.”

அப்போதுதான் அவனிடமிருந்து உண்மை வெளியே வந்தது. சொந்த வட்டையை, அந்த வயலை, விட்டுவிட்டு வந்தால் மாமி வீட்டில் குந்தித் தின்பவன் என்று நாலுபேர் சொல்வார்களாம். மண்டூரிலும் வயல் இருக்கிறது, சேறும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கவில்லை. அன்று எந்த நாட்டுக்கும் அவள் புள்ளி போடவில்லை. இருள் கவிகிற மைமல் நேரத்தில் ரதீஸ் வந்து இறங்கினான், பின்னால் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு. வயலைத் தம்பிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டானாம். மண்வெட்டியைக் குசினி மூலையில் சாத்திவிட்டு, எத்தனை என்று கேட்டான்.

“அஞ்சு. மிச்சம் ஆள் வந்தாப் பிறகு.”

ஆவணியில் ஆள் வந்தான். அத்தனை வருசக் குடித்தனத்திலும் மிச்சத்தை மட்டும் அவள் போடவேயில்லை. கேட்டால், மறுகா பாப்பம் என்பாள். போன மாசியில் அவள் கண்ணை மூடிய பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஐந்து புள்ளிக்காக ரதீஸ் முறையிடுகிறான். மண்டூர் வயலிலிருந்து வந்ததும் மண்வெட்டியை அதே மூலையில்தான் சாத்துகிறான்.