மல்பெரிக் கொல்லையில பெரியவரு

எங்க பக்கம் யானைன்னு வாய்விட்டுச் சொல்ற வழக்கமே கிடையாது. பெரியவருன்னுதான் சொல்லுவோம். பேரைச் சொன்னா தன்னைத்தான் கூப்புடறாங்கன்னு வந்துடுமாம். சொல்லாமலே வாரத்துக்கு ஒருதரம் வந்துகினுதான் இருக்குது, அது வேற கதை. ஆந்திராவுல, ராமகுப்பத்துலேர்ந்து உள்ளே போனா, காட்டை ஒட்டினாப்புல எங்க ஊரு. ராகி, வாழை, தக்காளி போடுவோம். பாதிப் பேருக்கு மல்பெரிக் கொல்லையும் பட்டுப்புழு ஷெட்டும் உண்டு.

அதனால எங்க ஊருல பீரோவுல நகை இருக்குதோ இல்லையோ, கதவுக்குப் பின்னாடி ஒரு பை கட்டாயம் தொங்கும். எங்க வூட்டுப் பையைக் கட்டினது நான்தான். தலையில மாட்டுற டார்ச்சு, தூரத்துக்கு அடிக்கிற டார்ச்சு, தட்டறதுக்கு ஒரு பழைய தாம்பாளம், ஒரு கட்டை. பட்டாசை மூடி போட்ட டப்பாவுல வெச்சி, நமத்துப்போவாம இருக்க அடியில ஒரு பிடி அரிசி கொட்டிவெச்சேன். தீப்பெட்டிக்கு மேல ரெண்டு பிளாஸ்டிக் கவரு. தண்ணி பாட்டில், பவர் பேங்கு, காயத்துக்குக் கட்டு, ஆதார் ஜெராக்ஸு. ஆளுக்கொரு விசிலு, கயிறு கோத்துக் கழுத்துல போட்டுக்கற மாதிரி. ஒவ்வொரு அமாவாசைக்கும் எல்லாத்தையும் கொட்டிப் பாத்து, பேட்டரி மாத்திவெப்பேன். எங்க வூட்டுக்காரரு அந்தப் பையைப் பாத்தாலே சிரிப்பாரு. "திருப்பதி மலைக்கு நடந்து போறவங்ககூட இவ்ளோ தூக்கிகினு போவமாட்டாங்க மே"ன்னுவாரு. சிரிக்கட்டும். கெட்ட நேரம் வந்தா அந்த சிரிப்பை வெச்சிகினு இன்னா பண்றது?

எங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்குது. மத்த வூட்டுல காஞ்ச மொளகாயை வறட்டியில வெச்சிப் பொகை போடுவாங்க. அந்த நெடிக்குப் பெரியவரு கிட்ட வரமாட்டாரு. புழு வளக்கறவங்க அதைப் போட முடியாது. பொகை பட்டா புழு சுருண்டு வுழுந்துடும். கொசுவத்திகூட கொளுத்தமாட்டோம், நான் தலைக்கு வாசனை எண்ணெய் தடவறதே இல்ல. அதனால எங்களுக்கு டார்ச்சும் சத்தமும்தான் துணை.

பாரஸ்டுகாரங்க ஒருதரம் எங்க ஊரு ஸ்கூல்ல கூட்டம் போட்டாங்க. பெரியவரு தூரத்துல இருந்தா விசில் ஊது, தாம்பாளம் தட்டு, ஊரை எழுப்பு. கிட்ட வந்துட்டாருன்னா மூச்சு வுடாதே. ஊதாதே, ஓடாதே, வெளிச்சம் அடிக்காதே, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து ஒதுங்கு, அவரு போற வழியை மட்டும் மறிக்காதே. நல்லா சொன்னாங்க. நான் முன்னாடி ஒக்காந்து கேட்டுகினேன். எங்க வூட்டுக்காரரு முதல் பாதி கேட்டுட்டு டீ குடிக்க எழுந்து போயிட்டாரு. தூரத்துல இருந்தா ஊதுங்கறது அவருக்குத் தெரியும். கிட்ட வந்தா ஊதாதேங்கறது அவரு காதுல வுழுந்துச்சோ இல்லையோ, அந்த சாமிக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்துல ஒரு நாளு. எங்க ஷெட்டுல புழு கடைசிப் பருவத்துல இருந்துச்சு. பட்டுப்புழு நாலுதரம் தோலு உரிக்கும். அதை நாங்க ஜுரம்னு சொல்லுவோம். ஜுரம் வந்தா தலையைத் தூக்கினு, துன்னாம கொள்ளாம அப்படியே தூங்கும். அப்ப ஷெட்டுல நாங்க பேசறதுகூட மெதுவாத்தான். நாலாவது ஜுரம் முடிஞ்சிடுச்சின்னா அதோட தூக்கமே கிடையாது. கூடு கட்டற வரைக்கும் ராவும் பகலும் தீனிதான். தழை போட்ட உடனே மழை பெய்யற மாதிரி சத்தம் வரும். ஒரு வேளை தழை கொறைஞ்சாலும் கூடு மெலிஞ்சிடும். அன்னைக்கு எங்க புழு அந்தத் தீனியிலதான் இருந்துச்சு.

சாயங்காலம் ஊரு குரூப்புல பாரஸ்டு வாட்சரு ஒரு மெசேஜ் போட்டாரு. ஏரிக்கு அந்தாண்ட ஒத்தைப் பெரியவரு நிக்கிறாரு, ஜாக்கிரதைன்னு தெலுங்குல போட்டிருந்தாரு. கூட்டமா வந்தாகூட பயம் கம்மி, ஒத்தையா வர்ற ஆண் யானைன்னாதான் ஈரக்கொலை நடுங்கும். நான் வேணாம்னேன். காலையில வெட்டின தழை மிச்சம் இருக்குது, அதைப் போட்டு ஒரு வேளை ஓட்டிக்கலாம்னேன். அவரு கேக்கல. பெரியவருக்கு வவுறு இருக்குது, புழுவுக்கு வவுறு இல்லையான்னுட்டு அறுவாளை எடுத்துகினு கெளம்பிட்டாரு. பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். விசிலையாவது போட்டுக்கோன்னு நானே ஓடிப்போய் கழுத்துல மாட்டிவுட்டேன்.

அவரு போயி கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாழைத்தோப்புக்காரரு மூச்சிரைக்க ஓடியாந்தாரு. பெரியவரு ஏரியைத் தாண்டிட்டாருன்னாரு. எங்க தெருவுல கான்கிரீட் மேல்தளம் எங்க புழு ஷெட்டுக்கு மட்டும்தான் இருக்குது, மத்ததெல்லாம் ஓடும் ஷீட்டும். தெருவே ஏணியைப் புடிச்சிகினு மேல ஏறிடுச்சு. நானும் பையோட ஏறினேன். வெளிச்சம் இன்னும் இருந்துச்சு. பாத்தா, எங்க கொல்லை நடுவுல மல்பெரிக்கு மேல கறுப்பா ஒரு முதுகு தெரியுது. கொல்லைக்குள்ள எங்க வூட்டுக்காரரு எங்கே இருக்காருன்னு மட்டும் தெரியல. செடி ஆளு உசரத்துக்கு நிக்குது. குனிஞ்சிகினு இருக்காரா, வுழுந்துட்டாரா, ஒண்ணும் தெரியல.

பக்கத்து வூட்டுக்காரரு என் பையிலேர்ந்து பட்டாசு டப்பாவை எடுத்துட்டாரு. அரிசி போட்டு வெச்ச பட்டாசு, கொளுத்தினா கண்டிப்பா வெடிக்கும். அப்பத்தான் வாட்சரு பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திட்டு நடந்து வந்து ஏறினாரு. டப்பாவைப் புடுங்கி ஓரமா வெச்சாரு. வெடிச்சா பெரியவரு இந்தப் பக்கம் வரமாட்டாரு, அந்தப் பக்கம் ஓடுவாரு, அந்தப் பக்கம்தானே ஆளு இருக்காருன்னு சொன்னாரு. அப்புறம் எல்லாரையும் பாத்து, "எவரூ போன் செய்யொத்து"ன்னாரு. யாரும் எங்க வூட்டுக்காரருக்குப் போன் பண்ணக்கூடாதுன்னு.

எங்க ஊரு ஜனங்களைப் பத்தித் தெரியாதவங்களுக்கு அது சாதாரண வார்த்தையாத் தெரியலாம். யாருக்காவது ஒண்ணுன்னா உடனே போனைப் போட்டு விசாரிக்கலன்னா இவங்களுக்கு சோறு எறங்காது. பாசம்தான், இல்லைன்னு சொல்லல. திரும்பிப் பாத்தா பாதிப் பேரு கையில போனு. என் கொழுந்தனாரு ஏற்கெனவே நம்பரைத் தேடிகினு இருக்காரு. எங்க வூட்டுக்காரரு போன்ல கெட்டிமேளம்தான் ரிங்டோனு. மோட்டார் சத்தத்துல கேக்கலைன்னு முழு சத்தத்துல வெச்சிருந்தாரு, சத்தம் கொறைக்கிற பட்டனும் தேஞ்சிபோச்சு. கொழுந்தனாரு போனை நான் தட்டிவுட்டேன். மரியாதையெல்லாம் பாக்க அப்ப நேரமில்ல. ஏணியில எறங்கி, மத்த தெருவுல நின்னுகினு இருந்தவங்க, வூட்டுக்குள்ள இருந்தவங்க எல்லார்கிட்டயும் போயி, அவருக்கு யாரும் போன் பண்ணாதீங்க, உங்க காலுல வுழறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஊரு மொத்தமும் கேட்டுகிச்சு. அதுவே ஆச்சரியம்.

மறுபடி மேல ஏறினேன். அந்த முதுகு அசையாம அங்கேயே நிக்குது. விசிலை ஊதிடாதே, ஊதிடாதேன்னு மனசுக்குள்ளயே சொல்லிகினு இருந்தேன். நானே மாட்டிவுட்ட விசிலு.

அப்பத்தான் கொல்லை நடுவுலேர்ந்து கெட்டிமேளம் கேட்டுச்சு.

தவிலும் நாயனமும் அப்படி ஒரு சத்தம். யாருன்னு கேக்கவே வேணாம், அந்த நேரத்துக்கு எங்க பொண்ணுதான். திருப்பதியில நர்சிங் படிக்கிறா, ஹாஸ்டல்ல இருக்கா. தெனம் சாயங்காலம் டிபன் துன்னுட்டு அவங்க அப்பாவுக்குப் போன் போடுவா, நைனான்னுதான் கூப்புடுவா. ஊரையே தடுத்தேன், பெத்த பொண்ணை மறந்துட்டேன். செடிக்கு மேல ரெண்டு காது விரிஞ்சிச்சு. தும்பிக்கை மேல எழும்பிச்சு. மேளம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. லைனை அறுத்துட்டாரா, இல்ல வேற ஏதாவதா? வாட்சரு என் தோளைப் புடிச்சிகினு, அசையாதீங்கன்னு கண்ணாலயே சொன்னாரு. தாலியைப் புடிச்சிகினு நின்னேன். அந்த ஆளு மேல எனக்கு இருக்கற கோவமெல்லாம் அப்ப எங்கே போச்சுன்னே தெரியல.

பெரியவரு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் என்ன தோணிச்சோ, மெதுவாத் திரும்பி, வேலியை மிதிச்சிகினு வாழைத்தோப்புப் பக்கம் போயிட்டாரு. பாவம் தோப்புக்காரரு. போவட்டும்னு கையெடுத்துக் கும்புட்டாரு. பெரியவரு திரும்ப ஏரி தாண்டிப் போயிட்டாருன்னு வாட்சரு பாத்துச் சொன்னப்புறம்தான் நாங்க எறங்கினோம்.

எங்க வூட்டுக்காரரு கால்வாய் ஓரமா தவழ்ந்து வந்து, ஷெட்டுக்குப் பின்னாடி எழுந்து நின்னாரு. முட்டியெல்லாம் சேறு. கழுத்துல விசிலு அப்படியே தொங்கிகினு இருக்குது. வந்ததும் வராததுமா, தழைக்கட்டை அங்கேயே போட்டுட்டேன் மே, புழுவுக்கு இன்னா பண்றதுன்னு கேட்டாரு. நான் திட்டின திட்டை இங்க எழுத முடியாது. திட்டிகினே அழுதேன். ஊரே பாத்துகினு நின்னுச்சு, பாக்கட்டும். அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க ஷெட்டுலேர்ந்து ஒரு கட்டுத் தழை கொண்டாந்து குடுத்தாங்க. கெட்டிமேளம் கேட்டு அட்சதை போட வந்தவரு, மாப்பிள்ளை மூஞ்சியைப் பாத்துட்டுத் திரும்பிட்டாருன்னு கொழுந்தனாரு கிண்டல் பண்ணாரு.

புழுவுக்குத் தழை போட்டப்புறம்தான் நான் கேட்டேன், போன் அடிச்சப்ப நீ இன்னா பண்ணேன்னு. எடுத்தேன்னாரு. அந்த நெலமையில போனை எடுக்கற ஆளை இந்த ஒலகத்துல எங்கேயாவது பாத்திருக்கீங்களா? அறுத்துவுட்டா திரும்பத் திரும்ப அடிப்பா மே, எடுத்துப் பேசிட்டா வெச்சிடுவா இல்லன்னாரு. நியாயம்தான். "ஏன் நைனா மெதுவா பேசறே?"ன்னு கேட்டாளாம். "புழு தூங்குது கண்ணு, அப்புறம் பேசறேன்"னாராம். அவளும் சரி நைனான்னு வெச்சிட்டாளாம். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் பெருமை. நல்லா சமாளிச்சிட்டோம்ங்கற பெருமை.

அப்புறம் பேசறேன்னு சொல்லியிருக்காரே, பொண்ணு காத்துகினு இருப்பான்னு நான் என் போன்லேர்ந்து கூப்பிட்டேன். எதையும் சொல்லக்கூடாது, பரீட்சை நேரம், பயந்துடுவான்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிகினோம். ஒரு ரிங்குகூட முழுசா அடிக்கல, எடுத்துட்டா. எடுத்தவ பேசல. மூச்சு சத்தம் மட்டும் கேக்குது. நான்தான், டிபன் ஆச்சாடின்னு கேட்டேன்.

"பெரியவரு போயிட்டாராம்மா?"ன்னா.

யாருடி உனக்கு சொன்னதுன்னேன். யாரும் சொல்லலன்னா. "நாலு ஜுரமும் முடிஞ்சிடுச்சின்னு நேத்து நீதானே சொன்னே. அப்புறம் எந்தப் புழு தூங்கும்? நான் என்ன இன்னைக்கா புழு பாக்கறேன்?"னு கேட்டா. அவங்க நைனா அந்த வார்த்தையை மெதுவா சொன்ன உடனே, கிட்டயே பெரியவரு நிக்கிறாருன்னு புரிஞ்சிடுச்சாம். அதான் மேல ஒரு வார்த்தை பேசாம வெச்சிட்டாளாம்.

அப்ப எனக்காவது போன் பண்ணியிருக்கலாமேடி, இவ்ளோ நேரம் நீ ஒண்டியாவா ஒக்காந்துகினு இருந்தேன்னு கேட்டேன்.

"நீ எங்கே இருக்கேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீயும் நைனாகூடத் தழை வெட்டப் போயிருந்தா, உன் போனும் அடிக்குமே"ன்னா.

நான் போனை அவரு கையில குடுத்துட்டேன்.