கடல் தெரியும் வீடும் என் குசும்பும்

எங்கள் கம்பெனி பஸ் திருவனந்தபுரம் கரமனைப் பாலத்தருகே காலை ஏழே காலுக்கு வரும். நான் ஏறும்போது பாதி பஸ் காலியாக இருக்கும். நான்காவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இருக்கையில் என் பையை வைப்பேன். யாராவது வந்து நின்றால் "ஆளுண்டு" என்று மலையாளத்தில் ஒரே வார்த்தை. அந்த ஆள் ஏறுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பைபாஸிலிருந்து கடலுக்குத் திரும்பும் சாலை முனையில்தான் அவள் ஏறுவாள்.

ஏறும்போது அவள் தலை நன்றாகக் காய்ந்திருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நான் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு ஓடுகிறவள். அவள் எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு இறங்கினால் போதும், ஏறிப் பன்னிரண்டே நிமிடத்தில் ஆபீஸ் வாசல். சாயங்காலம் அவள் இறங்கி, வீட்டுக்குப் போய்க் காபி குடித்து முடிக்கும்போதும் என் பஸ் பைபாஸ் சிக்னலில்தான் நிற்கும்.

போன வருடம் வரை அவளும் கரமனைதான். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். வேலை கிடைத்து வந்து மூன்று வருடம் எங்கள் தெருவில் அடுத்த வீட்டு மாடியில் குடியிருந்தாள். எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று நான் சொல்லிவிடுவேன்.

வந்த முதல் வாரமே மொழி எங்களைப் பார்த்துச் சிரித்தது. "நாளைக்கு நான் வரலை கேட்டியா, நல்ல பனியாக்கும்" என்றேன். அவள் மேலே வானத்தைப் பார்த்தாள்.

"இந்த வெயில்லயாங்க்கா பனி?"

எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல். நான் தமிழ்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி மலையாளம் என்பது அவள் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவளும் தன் பங்குக்கு ஒரு சொல் கொண்டுவந்திருந்தாள். நான் கிண்டலாக எதையாவது சொன்னால், என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்து, "உங்களுக்குக் குசும்பு ஜாஸ்திங்க்கா" என்பாள். அவள் ஊரில் குசும்பு என்றால் குறும்பு, நக்கல். இங்கே மலையாளத்தில் அதே சொல்லுக்குப் பொறாமை என்று பொருள். முதல் தடவை அவள் அப்படிச் சொன்னபோது, முன் இருக்கையில் இருந்த மலையாளிப் பெண் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அதை இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னால் அந்தச் சொல்லையே விட்டுவிடுவாள். வீட்டிலோ ஆபீஸிலோ யாரும் என்னை வேடிக்கைக்காரி என்று நினைத்ததில்லை. இவள் ஒருத்திதான் நினைத்தாள்.

பிறகு அவளும் அவள் கணவரும் கடலோரத்தில் ஃப்ளாட் வாங்கினார்கள். பால் காய்ச்சுக்கு முதலில் என்னைத்தான் அழைத்தாள். "நீங்கதானுங்க்கா அடுப்பு பத்த வெக்கோணும்" என்றாள். அன்று விடிந்ததும் போன் செய்து, பனி என்று சொன்னேன். அவளுக்கு இப்போது அந்தச் சொல் பழகியிருந்தது. "உடம்பப் பாத்துக்குங்க்கா" என்றாள். எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. அன்று பகல் முழுக்க, அடுக்கி வைத்திருந்த அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அதன் பின் தினமும் பஸ்ஸில் அந்த வீடு எங்களோடு வந்தது. ராத்திரி ஃபேன் வேண்டாமாம். பால்கனியில் நின்றால் படகு தெரியுமாம். "சமையலுக்கு உப்பு வாங்க வேண்டாம் போல, சுவரை நக்கினா போரும்" என்றேன். "குசும்புங்க்கா உங்களுக்கு!" என்று கையில் அடித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் சாக்குச் சொல்லித் தப்பித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் போனேன்.

முதலில் கேட். வாட்ச்மேன் நீட்டிய நோட்டில் பெயர், போன் நம்பர், வந்த காரியம் எல்லாம் எழுத வேண்டியிருந்தது. வந்த காரியம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே தனி வீடுகள் ஒரு வரிசை, அதற்கப்பால் அவள் கட்டடம். தனி வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. வளைகுடாவில் இருக்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு வாரம் வந்து தங்குவார்களாம். அந்த ஆளில்லாத வீடுகளின் செடிகளுக்கு ஒருவர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் இரண்டு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் போட்டிருந்த செருப்பு, நான் கல்யாணத்துக்குப் போட்டுப்போகும் செருப்பைவிட நன்றாக இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முக்கியமாக வயிறு எரிந்தது. இந்த ஊரில் இப்படி அவசரமில்லாமல் நடக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஏழாவது மாடி. கதவைத் திறந்ததும் கடல்தான் தெரிந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். பால்கனிக் கம்பியில் கொஞ்சம் துரு இருந்தது, அதைப் பார்த்து ஆறுதலடைந்தேன்.

காபி குடித்ததும் என் கையைப் பிடித்து ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலில் புது விரிப்பு, கடலைப் பார்த்த ஜன்னல்.

"இது உங்களுக்குங்க்கா. மழை நாள்ல, லேட்டாகற நாள்ல கரமனை வரைக்கும் போயிட்டிருக்காதீங்க. இங்கயே இருந்துக்குங்க. இந்த ரூமுக்கு அக்கா ரூமுன்னே பேரு வெச்சாச்சு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கென்று என் வீட்டில் ஒரு அறை கிடையாது. இவளுக்கோ ஓர் அறையைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுக்கும் அளவுக்கு இருக்கிறது. அந்த ஆத்திரத்தில், "கடல் பொங்கி வந்தா முதல்ல நான் போகட்டும்னா?" என்று கேட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்து, வழக்கம்போல் கையில் அடித்தாள். "உங்களுக்குக் குசும்புங்க்கா!"

நான்கு வருடமாகக் கேட்ட சொல்தான். ஆனால் அன்று அது என் காதில் மலையாளமாக விழுந்தது.

"ஆமாம், குசும்புதான்" என்றேன். குரல் என் கட்டுப்பாட்டில் இல்லை. "எனக்கு நல்ல குசும்பு உண்டு. பால் காய்ச்சு அன்னைக்கு எனக்குப் பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த வீட்டைக் காண எனக்கு மனசில்லை. நீ உலர்ந்த தலையோட பஸ்ஸில ஏறறச்சே எல்லாம் எனக்கு வயத்தெரிச்சலாக்கும். போருமா?"

அவள் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. இதுவும் கிண்டலோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க்கா சொன்னேன்…"

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. அவள் கோயம்புத்தூர்ச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள், நான் திருவனந்தபுரத்துச் சொல்லுக்குப் பதில் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லின் பொருளை அவளுக்கு விளக்கினேன்.

"இந்த ஊர்ல அதுக்கு அதுதான் அர்த்தமுங்களா?"

"அதுதான்."

"அப்ப நாலு வருசமா பஸ்ல அத்தன பேர் முன்னால உங்களப் பொறாமைக்காரின்னா சொல்லிட்டிருந்தேன்?" அவள் கண் கலங்கியது. நான் சொன்னதற்காக அழவில்லை, தான் சொன்னதற்காக அழுதாள். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். "ஆளுண்டு" என்று மூன்று பேரிடம் சொன்னேன். ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. சாலை முனையில் ஏறினாள். பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலை ஈரமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்கிறாள். ஃப்ரிட்ஜ் துருப்பிடிக்கிறதாம். துணி காய்வதே இல்லையாம். காற்றில் கதவு அடித்து அடித்துத் தூக்கமே இல்லையாம். படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்காகத் தன் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாக்கிக்கொண்டு வருகிறாள்.

நேற்று வேண்டுமென்றே, "சுவரை நக்கிப் பார்த்தியா, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கையை அவளுக்கு எட்டுகிற மாதிரி சீட்டின் மேல் வைத்தேன்.

அவள் சிரித்தாள். "ஆமாங்க்கா, ரொம்ப உப்புங்க்கா" என்று மட்டும் சொன்னாள். என் கை அங்கேயே இருந்தது.