மலரக்கா கொண்டுவந்த போர்க்கதை

அந்த நாவலைத் திறந்தாலே கருவாட்டு வாசனை வரும். கல்லூரி நூலகத்திலிருந்து வந்த நாளில் அதுவும் மற்றப் புத்தகங்களைப் போலத் தூசியும் பசையுமாகத்தான் மணத்தது. ஆனால் பூம்புகாருக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி இருந்த எங்கள் மீனவக் குப்பத்தில், வாசலெல்லாம் நெத்திலி காயும் கோடையில், எந்தப் பொருளும் தன் சொந்த வாசனையோடு ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. பிறகு மலரக்கா அதைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகர் முகர்ந்து பார்த்துவிட்டு, "வீடு கடலோரமா?" என்று மட்டும் கேட்டாராம்.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் "தடைக்காலம்" அது. நான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அண்ணன் கதிர் உயிரியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும், கல்லூரியில் கிடைத்த படிப்பு பிடிக்காமல் பாதியில் நின்றுவிட்டு, பட்டாளத்தில் சேருவதற்காகத் தினமும் விடிகாலையில் ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அதில் பெருமை. "கடலுக்கு நான் ஒருத்தன் போனது போதும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

எதிர்வீட்டு மலரக்கா மாயவரத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அண்ணனும் ஒருவரையொருவர் விரும்பியது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தது தெரியாதது போல இருப்பதில் நான் கெட்டிக்காரி என்பதால் இருவருமே என்னை நம்பினார்கள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் அந்தப் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"செல்வி, இத உங்க அண்ணன் படிக்கணும். நான் குடுத்தேன்னு சொல்லாதே."

"அண்ணன் பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தத் தாண்டிப் படிக்காதுக்கா."

"அப்ப நீ வாசிச்சுக் காட்டு."

உலகம் முழுக்கப் பெயர்பெற்ற போர் எதிர்ப்பு நாவல் ஒன்றின் தமிழாக்கம் அது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில், தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒருவனைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குண்டு பட்டுக் கிடப்பவர்களைத் தூக்குப் படுக்கையில் வைத்துச் சுமந்து வருவது அவன் வேலை. ஆற்றங்கரையில் தோணித்துறை நடத்துகிறவரின் மகள் அவனுக்காகக் காத்திருக்கிறாள். நான் அதை மதிய வேளைகளில், கரையேற்றி வைத்திருந்த எங்கள் படகின் நிழலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். அப்பாவும் அண்ணனும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கேட்பார்கள். மேற்கிலிருந்து "கச்சான்" காற்று அனலாக அடிக்கும். பக்கங்கள் பறக்காமலிருக்க வலையின் ஈயக் குண்டுகளை மேலே வைத்துக்கொள்வேன். நெத்திலியைப் புரட்டிப் போடுகிற சாக்கில் அம்மாவும் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பாள்.

அண்ணனுக்காகத் தொடங்கிய வாசிப்பில் முதலில் மாட்டிக்கொண்டவர் அப்பாதான். விடுப்பில் வந்த தச்சன் மறுபடியும் போர்முனைக்குக் கிளம்பும் இடத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"வந்தவன் எதுக்குத் திரும்பப் போறான்? தோணிதான் இருக்கே. அந்தப் பொண்ண ஏத்திக்கிட்டு அப்படியே போயிட வேண்டியதுதானே?"

"ஓடிப்போனா சுட்டுருவாங்கப்பா" என்றான் அண்ணன்.

"யாரு, எதிரியா?"

"இல்லப்பா, இவன் ஆளுங்களேதான்."

அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அன்றைக்கு வலை நகரவில்லை.

கடைசி அத்தியாயத்தை வாசித்த மதியம் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. போர் முடிந்து, உயிரோடு, முழு உடம்போடு தச்சன் தோணித்துறைக்கு வருகிறான். அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. ஒரு குண்டுகூட விழாத அந்த ஊரில், போன மாரியில் வந்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசித்து முடித்தேன். அம்மா உப்புக் கையோடு வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

"முடிஞ்சுதுப்பா."

"அவ செத்தத அவனுக்கு ஒருத்தரும் சொல்லி அனுப்பலையா?"

"சொல்ல ஆளில்லப்பா."

அப்பா எழுந்து அலை வரைக்கும் நடந்து போனார். திரும்பி வந்தபோது, அவ்வளவு நாள் பெருமைப்பட்டவர், "கதிரு, பட்டாளம் வேணாம். நீ என்னோட கடலுக்கே வா" என்றார். மலரக்கா நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல். அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "பாப்பா, இது மலர் குடுத்த புஸ்தகம்தானே?"

"எந்த மலரு?" என்றாள் அம்மா.

ரகசியம் அந்த நொடியோடு தீர்ந்தது. அம்மாவும் அப்பாவும் ஒன்றும் திட்டவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு திட்டுவதற்கு யாருக்கும் தெம்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் மலரக்காவைப் பார்க்கப் போனபோது அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

"கேட்டுட்டேன், முழுக்க" என்றான்.

"கேட்டுட்டும் போறியா?"

"போறேன். ஆனா துப்பாக்கி பிடிக்க இல்ல. அந்தத் தச்சன் செஞ்சான் பாரு, அந்த வேலைக்கு. பயாலஜி படிச்சவங்கள நர்சிங் அசிஸ்டென்ட்டா எடுக்கிறாங்க. விசாரிச்சுட்டேன்."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் குரல் சீராகவே இருந்தது.

"அந்தப் பொண்ணு துறையிலயே நின்னு நின்னு போயிட்டா. என்னால அப்படி நிக்க முடியாது கதிர். இத உனக்காகத்தான் கொண்டாந்தேன். ஆனா படிக்கப் படிக்க எனக்குத் தெரிஞ்சது இதுதான். உம்மேல கோவம் இல்ல."

"நில்லுன்னு நான் கேக்க மாட்டேன்."

பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தாள். வழி முழுக்க அழுதுகொண்டு வந்தது நான்தான்.

இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அண்ணன் தான் விரும்பிய பிரிவிலேயே தேர்வாகிப் போனான். மலரக்கா படிப்பை முடித்து ஆசிரியையாகி, சீர்காழியில் இன்னொரு ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மலைமேல் எங்கோ இருந்த அண்ணனுக்கு நான்தான் தொலைபேசியில் அதைச் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே, "நல்ல மனுஷனா?" என்று கேட்டான். "நல்லவருன்னுதான் சொல்றாங்க" என்றேன். "அப்ப சரி" என்றான். அந்தப் புத்தகத்தின் மேல் சில வருடங்கள் எனக்குக் கோபம் இருந்தது. சேர்ந்திருக்க வேண்டியவர்களைப் பிரித்துவிட்டதே என்று. இப்போது இல்லை. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை இருபது வயதில் இரண்டு பேர் பொய்யில்லாமல் பேசிக்கொண்டார்கள். அதைப் பேச வைத்த புத்தகம் நல்ல புத்தகம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வாசித்த அந்த இடம் இன்று கடலுக்குள் இருக்கிறது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் இப்போது கரை. பட்டாளத்துக்குப் பழகும் பையன்கள் தார்ச்சாலையில் ஓடுகிறார்கள். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் ஓய்வுபெற்று வந்து, சீர்காழியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறான். அவனுக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் மலரக்கா என்னைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவள் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அண்ணன் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு நானும் ஓடினேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவளும் அண்ணனும் எதிரெதிரே நின்றார்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். பையன இப்படி உக்கார வைங்க."

மரியாதைப் பன்மை இரண்டு பக்கமும் இயல்பாக வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் பையனின் கையை மெல்லப் பிடித்து, எலும்பு அசையாமலிருக்கச் சிம்பு வைக்கத் தொடங்கினான். பையனுக்கு வலியைவிட ஆர்வம் அதிகம்.

"மாமா, நீங்க மிலிட்டரியாமே. எத்தன பேரச் சுட்டீங்க?"

"ஒருத்தரையும் இல்ல தம்பி. அடிபட்டவங்களத் தூக்கிட்டு வர்றதுதான் என் வேல."

"எதிரிக்கு அடிபட்டா?"

"அவங்களையும்தான்."

பையன் நம்பாமல் அம்மாவைப் பார்த்தான். மலரக்கா அவன் தலையைக் கோதிவிட்டு, "கைய ஆட்டாதே, மாமா கட்டுப் போடட்டும்" என்றாள்.